கூரையை எடுப்பதா, குறைப்பதா

பிப்ரவரி 13, 2003, வியாழன்

காலை 7 மணி: சொட்டு மருந்து, இரண்டு கண்ணிலும்.

இந்த நோட்டைக் கண் டாக்டர் யாங் நேற்றுக் கொடுத்தார். சொட்டு விட்ட நேரத்தை மட்டும் எழுத வேண்டுமாம். நான் பாதி நாள் மறந்துவிடுகிறேன் என்று அவருக்குச் சந்தேகம். சந்தேகம் சரிதான். ஆனால் ஒரு பக்கத்தில் இருபத்தைந்து கோடு இருக்கிறது, சொட்டுக்கு ஒரு கோடு போதும். மிச்சத்தை வீணாக்க மனமில்லாததால் காரைப் பற்றி எழுதப்போகிறேன்.

வெளியே மூடுபனி. எங்கள் ஊர் ஹான்ஃபோர்ட் முழுக்கப் பத்தடிக்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இந்த மாதிரி நாட்கள் எனக்குப் பிடிக்கும். ஊரே என்னைப் போல ஆகிவிடுகிறது.

எனக்கு என்ன என்றால், கண் அழுத்த நோய். நேரே இருப்பது பளிச்சென்று தெரியும், ஓரத்தில் இருப்பது தெரியாது. போனது போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், சீக்கிரமே கார் ஓட்டுவதை நிறுத்துங்கள் என்கிறார் டாக்டர். முப்பத்து மூன்று வருடம் லைசென்ஸ் தேர்வு அதிகாரியாக இருந்து, ஓரத்தைப் பார்க்கவில்லை என்று ஆயிரக்கணக்கானவர்களைத் தோற்கடித்த ஆளிடம் சொல்கிறார்.

அக்டோபர் 9 அன்று எனக்கு எழுபது. எழுபதானால் நேரில் போய்க் கண் சோதனை கொடுத்துத்தான் லைசென்ஸைப் புதுப்பிக்க முடியும். அந்தச் சோதனை சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிப்பது மட்டுமே. எழுத்துகள் நேராகத்தான் இருக்கும். தவிர, எல்லா வரியும் எனக்கு மனப்பாடம்.

மனைவி ஆர்டித்துக்கு இதெல்லாம் தெரியாது. மருந்துப் புட்டியும் இந்த நோட்டும் கராஜில், கருவிப் பெட்டியின் மூன்றாவது டிராயரில், ஸ்பேனர்களுக்கு அடியில் இருக்கும். அந்த டிராயரை அவள் திறக்க மாட்டாள்.

பிப்ரவரி 20, வியாழன்

காலை 7.

டோனட் கடையில் வியாழக்கிழமைக் கூட்டம். கூட்டம் என்றால் மூன்று பேர். நான், ஹால்டேன், சில்வேரா. மூவருக்கும் வேலை ஓய்வாகி வெகுநாள் ஆகிவிட்டது. மூவரும் ஹாட் ராட் பைத்தியங்கள். பழைய ஃபோர்டு ஒன்றைப் பிடித்து, தேவையில்லாததையெல்லாம் கழற்றி எறிந்து, தேவைக்கு மேல் ஒரு எஞ்சினைப் போட்டு, வீட்டிலேயே கட்டுகிற வண்டி அது. ஹால்டேன் கட்டி முடித்துவிட்டான். சில்வேரா கட்டுவதில்லை. அவனுடைய பழைய பால்பண்ணைக் கொட்டகையில் மாட்டுக்குப் பதிலாக உடைசல் கார்களை நிறுத்தி வைத்திருக்கிறான்.

நான் பன்னிரண்டு வருடமாகத் திட்டம் போடுகிறேன். 1932-ஆம் வருட மாடல் சேசிஸ், அதாவது சக்கரத்தோடு அடிச்சட்டம், இருக்கிறது. எட்டு சிலிண்டர் எஞ்சின் இருக்கிறது, பாலிதீன் உறை போட்டு, பிரித்துச் சுத்தம் செய்து, மறுபடி சேர்த்து, மறுபடி பிரித்து. மேலே வைக்கும் பாடி எது என்பதுதான் முடிவாகவில்லை. கூரையே இல்லாத ரோட்ஸ்டரா? கூரை உள்ள, இரண்டு பேர் உட்காரும் கூபேயா? கூபே என்றால் அதன் கூரையை மூன்று அங்குலம் வெட்டிக் குறைப்பதா, வேண்டாமா?

ஹால்டேனுக்குச் சந்தேகமே கிடையாது. அவன் வைத்திருப்பது ரோட்ஸ்டர், ஆகவே உலகத்தில் இருப்பது ரோட்ஸ்டர்.

"நீ கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கல, லோவெல். தகரம்தான் பாக்கறே. ஏதாவது ஒண்ணைப் புடி," என்றான் சில்வேரா.

பெண் பார்க்க எனக்கு இரண்டு மாதம்தான் ஆனது. அதை அவனிடம் சொல்லவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

காலை 7, இரவு 8.

சாக்பீஸ் வேலை செய்தேன். பாடி முடிவு செய்யும் முன்பு எல்லோரும் செய்வதுதான். கராஜ் தரையில் காரின் அளவைக் கோடாக வரைந்து, உள்ளே இரண்டு பால் பெட்டிகளை இருக்கையாகப் போட்டு, ஸ்டீயரிங்கைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். வெளியே இருந்து பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். உள்ளே உட்கார்ந்தால் சிரிப்பு வராது.

ஆர்டித் காப்பி கொண்டுவந்தவள் வலது பக்கப் பெட்டியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டாள். "இடது பக்கம் ஏணி இருக்கு."

ஓடாத வண்டியில் கூடவா? ஒரு வருடமாக இதே தொல்லை. கடைக்குப் போனால் "வலது பக்கம் சைக்கிள்", சர்ச்சுக்குப் போனால் "இடது பக்கம் பஸ்". முன்பெல்லாம் வண்டியில் ஏறினால் தூங்கிவிடுவாள். வயதானால் பேச்சு கூடும்போலிருக்கிறது.

பேச்சுக்காகத்தான் 1959-ல் அவளைத் தேர்வில் தோற்கடித்தேன். ஓட்டும்போது அதிகாரியிடம் பேசக் கூடாது, அதிகாரியும் வழி சொல்வதைத் தவிர எதுவும் பேசக் கூடாது. அவள் தன் வீட்டு வாத்து முட்டையிட்ட கதையை முழுக்கச் சொன்னாள். இரண்டாவது தடவை நிறுத்தக் கோட்டில் நிற்காமல் உருண்டு போனாள். மூன்றாவது தடவைக்குப் பக்கத்து ஊர் விசேலியா போய் வேறு அதிகாரியிடம் ஜெயித்து, அதே காரை ஓட்டிக்கொண்டு நேரே என் ஆபீசுக்கு வந்து, காப்பி குடிக்க வருகிறாயா என்று கேட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டுகிறாள். என் மதிப்பெண் முறையில் ஏதோ கோளாறு.

மார்ச் 14, வெள்ளி

காலை 7.

விஞ்ஞானப்பூர்வமாக ஒரு சோதனை. கூபேயில் முன் கண்ணாடியின் இரண்டு பக்கமும் தூண் இருக்கும், ரோட்ஸ்டரில் தூண் மெலிசு. அட்டையை வெட்டித் தூண் செய்து சாக்பீஸ் காரில் நிறுத்தினேன். பெட்டியில் உட்கார்ந்து நேரே பார்த்தேன். இடது பக்கம் சுவரோரம் நிற்கும் ஃப்ரீசர் தெரியவில்லை. ஆகா, குற்றவாளி தூண்தான்.

அட்டைத் தூணை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் ஃப்ரீசர் தெரியவில்லை.

ஃப்ரீசர் தவறான இடத்தில் இருக்கிறது.

மார்ச் 29, சனி

ஃப்ரீசரை ஆர்டித் பின்சுவருக்கு மாற்றிவிட்டாள், சில்வேராவைத் துணைக்குக் கூப்பிட்டு. ஏன் என்று கேட்டால், இடது பக்கம் இருந்தால் அவள் முழங்காலில் இடிக்கிறதாம். என் முழங்காலில்தான் இரண்டு தடவை இடித்தது. கேட்டதற்கு எல்லாம் நல்லதுக்குத்தான் என்றாள்.

சொட்டு விட்டேனா? விட்டேன் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 10, வியாழன்

காலை 7.

சில்வேராவின் கொட்டகைக்குப் போனோம். ஆர்டித்தும் வந்தாள், ஈஸ்டருக்கு சில்வேராவின் மனைவி செய்யும் இனிப்பு ரொட்டிக்குச் சொல்லிவைக்க. ஹால்டேன் அளவு டேப்போடு வந்தான். அவன் சவ அடக்கத்துக்கும் டேப்போடுதான் வருவான்.

பால் கறந்த இடத்தில் இரண்டு பாடி நிற்கின்றன. ஒன்று ஐந்து ஜன்னல் கூபே, துரு குறைவு, பழுப்பு நிறம். இன்னொன்று நான்கு கதவு செடான், பின் இருக்கையில் கோழி அடைகாக்கிறது. நான்கு கதவை எங்கள் கூட்டத்தில் யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். ஹாட் ராடில் நான்கு கதவு என்பது கல்யாணத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு போவது போல. எனக்கு மட்டும் ஒரு கணம் சபலம். எத்தனை கண்ணாடி, எவ்வளவு உயரமான இருக்கை! ஆனால் ஹால்டேன் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் கோழியைப் பார்ப்பது போல் நடித்தேன்.

ஐந்து ஜன்னலில் கூடுதலாக இரண்டு ஜன்னல் பின்புறம் உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். பின்னால் யார் இருக்கிறார்கள் என்று முந்துகிறவனுக்கு என்ன கவலை என்றான் ஹால்டேன்.

ஆர்டித் ரொட்டி விஷயம் முடிந்தும் கூபே பக்கத்திலேயே நின்றாள். கூரையில் கை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக நடந்தாள். முழங்கால் வலி போலும். உட்கார ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

காலை 7. இரவு 8.

ஏப்ரல் 30, புதன்

டாக்டர் யாங். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, விளக்குப் பொட்டு தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். நெடுநேரம் எதுவும் தெரியவில்லை. மெஷின் ஓடவில்லை என்று நினைத்து நர்சைக் கூப்பிட்டேன். ஓடிக்கொண்டுதான் இருந்ததாம்.

"மிஸ்டர் ஹார்கின், வீட்ல சொல்லிட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். இந்த நோட்டிடம் சொல்லியிருக்கிறேன் அல்லவா.

மே 22, வியாழன்

காலை 7.

முடிவு செய்துவிட்டேன். ரோட்ஸ்டர்! டோனட் கடையில் அறிவித்தேன். காரணங்களையும் வரிசையாகச் சொன்னேன். எடை குறைவு. கோடு சுத்தம். இந்தப் பள்ளத்தாக்கில் மழை எங்கே பெய்கிறது? பன்னிரண்டு வருடக் குழப்பம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது.

உண்மையான காரணத்தை இங்கே எழுதலாம். கூரை இல்லை, தூண் இல்லை, மறைக்க எதுவுமில்லை. நான்கு பக்கமும் வெட்டவெளி. ஓரம் தெரியாதவனுக்கு ஓரமே இல்லாத வண்டி. அதில் நான் இன்னும் பத்து வருடம் ஓட்டுவேன். மற்றவர்கள் பார்வை குறைந்தால் கண்ணாடி மாற்றுகிறார்கள், நான் பாடி மாற்றுகிறேன். இதைக் கண்டுபிடிக்க ஒரு தேர்வு அதிகாரியால்தான் முடியும்.

ஹால்டேனுக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் ஹாட் ராட் கிளப்பின் பிக்னிக் அன்று அவனுடைய ரோட்ஸ்டரை எனக்கு ஓட்டக் கொடுக்கிறானாம். அவன் மகனுக்கே அதைக் கொடுத்ததில்லை.

ஆர்டித்திடம் சொன்னேன். "ரோட்ஸ்டரா," என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 14, சனி

பிக்னிக். பூங்காவில் நாற்பது வண்டி.

ஹால்டேன் சாவியைக் கொடுத்தான். வண்டிகளுக்கும் மரங்களுக்கும் இடையே நடக்கிற வேகத்தில் போனேன். காற்று, வெளிச்சம், எதிரே நீண்ட சிவப்பு எஞ்சின் மூடி. எல்லாம் தெரிந்தது. எல்லாமே தெரிந்தது என்று சத்தியம் செய்திருப்பேன்.

இடது பக்கம் படக்கென்று ஒரு சத்தம். நிறுத்தினேன். சில்வேரா ஓடிவந்து சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை. கையில் ஒரு பச்சைத் துணி நாற்காலி, நான்காக மடிந்து. மடக்கு நாற்காலிதான், ஆனால் அந்தப் பக்கமாக மடங்காது.

ஆர்டித்தின் நாற்காலி. காலையில் நான்தான் நிழல் பார்த்து அங்கே விரித்துப் போட்டேன். பத்து நிமிடம் முன்பு அவள் அதில் உட்கார்ந்து தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தாள்.

அவள் இரண்டு காகிதக் குவளையில் எலுமிச்சைச் சாறு எடுத்துக்கொண்டு வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நல்ல வேளை, எனக்குத் தாகம் எடுத்துச்சு," என்றாள். ஒரு குவளையை என்னிடம் கொடுத்தாள்.

சூரியன் கண்ணில் அடித்திருக்கும் என்றான் ஹால்டேன். எல்லோரும் ஆமாம், சூரியன்தான் என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். சூரியன் எனக்குப் பின்னால் இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

மறைக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையே. தூணில்ல, கூரையில்ல, ஃப்ரீசரில்ல. வெட்டவெளில, பட்டப்பகல்ல, மனுஷன் நடக்கிற வேகத்துல. என் கையால போட்ட நாற்காலி. அவ எழுந்து போகாம இருந்திருந்தா?

எழுந்து போகாம இருந்திருந்தா?

பழைய மதிப்பெண் தாள் ஒரு கட்டு கராஜில் கிடந்தது. ஒன்றை எடுத்து என் பெயரைப் போட்டு நிரப்பினேன். வேகம்: சரி. ஸ்டீயரிங்: சரி. இடது ஓரம் பார்த்தல்: இல்லை. கீழே ஒரு கட்டம் உண்டு, அதில் குறி விழுந்தால் மற்றதைக் கூட்டவே வேண்டாம், அங்கேயே தேர்வு முடிந்தது. முப்பத்து மூன்று வருடத்தில் அந்தக் கட்டத்தில் குறி போட நான் யோசித்ததில்லை. எதிரே அழுதவர்களுக்குக் கைக்குட்டை கூடக் கொடுத்ததில்லை.

குறி போட்டேன். தேர்வு அதிகாரியின் கையெழுத்தும் என்னுடையதுதான்.

ஜூன் 16, திங்கள்

ஆர்டித்திடம் சொன்னேன். மூன்றாவது டிராயரைத் திறந்து, புட்டியையும் நோட்டையும் எடுத்து, சமையலறை மேசையில் வைத்து, ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை.

"போன நவம்பர்ல ஒரு ஸ்க்ரூடிரைவர் தேடிப் போனேன்," என்றாள். "மூணாவது டிராயர்ல புட்டி இருந்துச்சு. அப்புறம் நோட்டும் வந்து சேந்துச்சு."

"நோட்டைப் படிச்சியா?"

"ஃப்ரீசர் தப்பான இடத்துல இருக்குன்னு எழுதியிருந்தியே. யார் மாத்துனாங்கன்னு நினைச்சே?"

எனக்குக் கோபம் வந்தது, வெட்கமும். எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. தெரிந்தே எட்டு மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாயா, ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கத்தினேன்.

"சொல்லலையா? ஒரு வருஷமா வேற என்ன சொல்லிட்டிருக்கேன்? வலது பக்கம் சைக்கிள், இடது பக்கம் பஸ். டிராயரைத் திறக்கறதுக்கு முன்னாடியே சொல்ல ஆரம்பிச்சுட்டேன், லோவெல். நீ ஓரத்துல பாக்கறதில்லன்னு எனக்குத் தெரியாதா? நீதானே என்னை ஓரம் பாக்கலன்னு திட்டிட்டே இருந்தே."

அந்தப் பிக்னிக் நாளில் வண்டிக்குள் அவள் இல்லை. அதுதான் வித்தியாசம். பேச்சு கூடிப்போச்சு என்று எழுதினேனே, மடையன். அவள் பேச்சால்தான் கடைக்குப் பத்திரமாகப் போய் வந்துகொண்டிருந்தேன்.

பிறகு அவள் பட்டாணிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு அழுதாள். நாற்காலிக்காக இல்லை என்றாள். நாற்காலிக்காகத்தான். நானும் அழுதேன். சொட்டு மருந்து வெளியே வந்திருக்கும், இன்றைய கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஜூன் 17, செவ்வாய்

காலை 7. என் பிக்கப் வண்டியின் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டேன். மருந்துக் கடைக்கு அவள்தான் ஓட்டினாள். போகும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. காது வலித்தது.

ஜூலை 10, வியாழன்

காலை 7, இரவு 8.

டோனட் கடைக்குப் போகவில்லை. மூன்று வாரமாகப் போகவில்லை. சேசிஸையும் எஞ்சினையும் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று சாக்பீஸ் கோட்டைத் துடைப்பத்தால் தேய்க்க ஆரம்பித்தேன். பாதி அழிந்தபோது ஆர்டித் வந்தாள்.

"என்ன பண்றே?"

ஓட்ட ஆளில்லாத வண்டிக்குப் பாடி எதற்கு என்றேன்.

அவள் சாக்பீஸ் காரின் இடது பக்கத்துக்கு, ஓட்டுகிறவர் பக்கத்துக்கு, வந்தாள். கதவு இருக்க வேண்டிய இடத்தில் நின்று, என்னையே பார்த்தாள். கோடுதான், தாண்டினால் உள்ளே போகலாம். தாண்டவில்லை. நான் கதவைத் திறக்கும்வரை நின்றாள். காற்றில் திறந்துவிட்டேன். உள்ளே வந்து இடது பெட்டியில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைக் கொடு என்று கை நீட்டினாள்.

"கூபே," என்றாள். "அஞ்சு ஜன்னல். கூரை மூணு அங்குலம் வெட்டணும். நாலு வேண்டாம், நாலு வெட்டுனா தொப்பி போட முடியாது. ஏப்ரல்லயே அளந்துட்டேன்."

கொட்டகையில் கூரை மேல் கை வைத்து நடந்தாளே. முழங்கால் வலி என்று எழுதினேன்.

அவள் நான்கு கதவைத்தான் சொல்வாள், ஏற இறங்கச் சுலபமானது, மளிகைப் பை வைக்கத் தோதானது என்று பன்னிரண்டு வருடமாக எனக்கு நானே பயந்துகொண்டிருந்தேன். அதனாலேயே அவளைக் கேட்கவில்லை. ஏன் இதை முன்பே சொல்லவில்லை என்றேன்.

"ஹால்டேனைக் கேட்டே. சில்வேராவைக் கேட்டே. அந்த டோனட் கடைக்காரப் பொண்ணைக்கூடக் கேட்டே. பன்னிரண்டு வருஷத்துல என்னை ஒரு தடவை கேட்டியா?"

கேட்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலை 7. அவள் விடுகிறாள். நான் விட்டால் பாதி கன்னத்தில் விழுகிறது என்று கண்டுபிடித்துவிட்டாள்.

டோனட் கடையில் எல்லாவற்றையும் சொன்னேன், கண்ணைப் பற்றியும். ஹால்டேன் தன் டோனட்டில் பாதியைப் பிட்டு என் தட்டில் வைத்தான். சூரியன் பின்னால் இருந்தது எனக்கும் தெரியும் என்றான். அவ்வளவு நல்லவன் என்று நான் நினைத்ததில்லை. உடனே, ஆனால் ஐந்து ஜன்னலில் மூன்று அங்குலம் வெட்டினால் பின் கண்ணாடி அசிங்கமாக இருக்கும் என்று சேர்த்துக்கொண்டான். மனசு ஆறியது.

உன் உயரத்துக்குக் கூரை இடிக்குமே என்று சில்வேரா கவலைப்பட்டான். நான் ஆறடி இரண்டு அங்குலம். ஆர்டித் ஐந்தடி ஒன்று.

"வண்டி அவங்களுக்குத்தானே," என்றான் பிறகு, அவனே.

செப்டம்பர் 13, சனி

கூபே வீட்டுக்கு வந்தது. கோழி செடானை விட்டு இதில் ஏறிக் கூடவே வரப் பார்த்தது. இறக்கிவிட்டோம்.

அக்டோபர் 9, வியாழன்

காலை 7. எழுபது.

ஆர்டித் ஓட்ட, லைசென்ஸ் ஆபீசுக்குப் போனேன். ஜன்னலில் மாரிசெலா இருந்தாள். அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தது நான்தான். ஓரம் பார்க்காதவனிடம் இரக்கமே காட்டாதே என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

"கடைசி வரியைப் படிச்சிடுங்க சார், அது போதும்," என்றாள்.

படித்தேன். ஒரு எழுத்து தப்பவில்லை. அவள் முத்திரையை எடுத்தாள். யாருக்கும் தெரியாது. முத்திரை விழுந்தால் ஐந்து வருடத்துக்குப் புது லைசென்ஸ் என் பைக்குள் வந்துவிடும். முத்திரை அவள் கையில் இருந்த அந்த நேரம் ரொம்ப நீளமாக இருந்தது. எனக்கு வேண்டும் என்று இருந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், ரொம்ப வேண்டும் என்று இருந்தது.

ஜூன் 15 அன்று நிரப்பிய தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து ஜன்னல் வழியே தள்ளினேன். மாரிசெலா படித்தாள். கீழே கையெழுத்தையும் பார்த்தாள்.

"நீங்க யாருக்கும் சலுகை குடுத்ததில்ல, சார்," என்றாள். முத்திரையைக் கீழே வைத்தாள்.

லைசென்ஸைக் கொடுத்துவிட்டு அடையாள அட்டை வாங்கிக்கொண்டேன். புகைப்படத்தில் கண் நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 1, சனி

கூரையை வெட்டினோம். டேப் ஒட்டிக் கோடு போட்டது நான். நேர்கோடு எனக்குத் தெரியும். ஹால்டேன் அறுத்தான், சில்வேரா பிடித்தான். இறக்கி வைத்தபோது பின் கண்ணாடி அசிங்கமாக இல்லை என்று ஹால்டேன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மூன்று தடவை சுற்றிவந்தான்.

நவம்பர் 23, ஞாயிறு

சேசிஸ் மேல் பாடி உட்கார்ந்துவிட்டது. எஞ்சின் இன்னும் இல்லை, கண்ணாடி இல்லை, தரை பாதி இல்லை. உள்ளே அதே இரண்டு பால் பெட்டிகள். ஆர்டித் இடது பக்கம் ஏறினாள். நான் வலது பக்கம் என்னை மடித்து உள்ளே திணித்துக்கொண்டேன். முழங்கால் தாடையைத் தொட்டது, தலை கூரையைத் தொட்டது.

அவளுக்கு எல்லாம் தெரிகிறது. ஒன்றைத் தவிர. கூரையை வெட்டினால் மேலே தொங்கும் சிக்னல் விளக்கு ஓட்டுகிறவருக்குத் தெரியாது. வெட்டிய எல்லோருக்கும் உள்ள பிரச்சினைதான். அதற்கென்று ஒரு சின்னப் பிளாஸ்டிக் பட்டகம் விற்கிறார்கள், முன்னால் ஒட்டிவைத்தால் சிக்னல் அதில் தெரியும், வாங்கித் தரட்டுமா என்றான் ஹால்டேன்.

"எதுக்கு?" என்றாள் ஆர்டித். "இவன்தான் இருக்கானே. தலையை வெளிய நீட்டி நேரா பாக்கச் சொன்னா போதும். நேரா இருக்கறது இவனுக்கு நல்லாத் தெரியும்."

சில்வேரா தெருமுனையில் போய் நின்று ஒரு கையில் தக்காளியும் ஒரு கையில் குடைமிளகாயுமாகத் தூக்கித் தூக்கிக் காட்டினான். நான் ஜன்னல் வழியே தலையை நீட்டி, சிவப்பு, சிவப்பு, பச்சை என்றேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. தெருவில் போனவர்கள் சிரித்தார்கள்.

நடுவில் சில்வேரா நிற்கும் கோணத்தைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"வழி சொல்றதைத் தவிர வேற பேசக் கூடாது," என்றாள் ஆர்டித்.

மாலையில் திட்டத் தாளை எடுத்தேன். பெடல்கள் இருக்கும் இடம் பன்னிரண்டு வருடமாக என் காலுக்கு வரைந்தது. அழித்துவிட்டு, நான்கு அங்குலம் அவள் பக்கமாக இழுத்து மறுபடி வரைந்தேன். ஓரத்தில் ஓட்டுநர் உயரம் ஐந்தடி ஒன்று என்று எழுதினேன்.

இரவு 8: சொட்டு. ஆர்டித்.